ஃபிளமெங்கோ நம்முடையதா?

"டேய், இது நம்ம ஊரு ஆட்டம்னு அவர்கிட்ட சொல்லுடா," என்று நண்பன் என் முழங்காலைத் தட்டினான். கித்தார் வாசித்தவர் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து, வரிசையாக நீட்டியிருந்த கால்களைத் தாண்டி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இடைவேளை.

நாங்கள் இருந்தது தென் ஸ்பெயினில், கிரனாடா நகரத்தின் சாக்ரமோந்தே மலைச்சரிவில், ஒரு குகைக்குள். குகை என்றதும் பத்துமலை மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். சரிவு மண்ணைக் கையால் குடைந்து, உள்ளே வெள்ளையடித்து, வீடாக்கிக்கொண்ட இடம் அது. நீளமான குறுகிய அறை. வளைந்த கூரையைக் கையை உயர்த்தித் தொட்டுவிடலாம். சுவரெல்லாம் செம்புப் பாத்திரங்களும் பழைய புகைப்படங்களும். இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் புல் பின்னிய நாற்காலிகள். நடுவில் மிஞ்சும் நடைபாதைதான் ஆடுகளம். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. மொத்தம் முப்பது பேர் இருப்போம். ஆடுகிறவரின் பாவாடை விளிம்பு நம் முழங்காலில் உரசும்.

சாப்பாடும் ஆட்டமும் சேர்த்து ஆளுக்கு 60 யூரோ. ஏறக்குறைய முன்னூறு வெள்ளி. "இந்தக் காசுக்கு ஈப்போவுல ஒரு வாரம் சாப்பிடலாம்," என்று முனகிக்கொண்டேதான் நண்பன் பணம் கட்டினான். ஆட்டத்துக்கு முன்னால் பக்கத்துக் குகையில் சாப்பாடு. இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய ஆம்லெட் ஒன்று வந்தது. உள்ளே ஆட்டு மூளை. எதிரே இருந்த ஜெர்மானியத் தம்பதி அதைக் கண்டு விழித்தார்கள். நண்பன் மட்டும் உற்சாகமாகிவிட்டான். "மிளகு மட்டும் போட்டிருந்தா எங்கம்மா செஞ்சதுன்னே சொல்லிடுவேன்டா."

பிறகு ஆட்டம். ஒரு கித்தார், ஒரு பாடகர், இரண்டு பெண்கள் ஆட, வயதான ஓர் அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கைதட்ட. முதல் பாடல் மெதுவான சொலெயா. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தெரியாத பாட்டைக் கேட்கும்போது பொறியியல் படித்தவன் என்ன செய்வான்? எண்ணுவான். அந்த அம்மாவின் கைதட்டலை எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட சுற்று. ஆனால் பன்னிரண்டைச் சமமாகப் பிரிப்பதில்லை. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழுகிறது. அதாவது முதலில் இரண்டு மூன்றுகள், அப்புறம் மூன்று இரண்டுகள். இந்தச் சுற்றுக்கு கொம்பாஸ் என்று பெயர். கண்டம், மிஸ்ரம் என்று கொஞ்சமாவது கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே படவில்லை. பெண் எழுந்து தரையைக் காலால் அடித்தபோது கதக் ஞாபகம் வந்தது. கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தபோது முத்திரை ஞாபகம் வந்தது. நண்பன் முழங்காலைத் தட்டியது அப்போதுதான்.

அவன் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோனி கத்லிஃப் இயக்கிய 'லாச்சோ த்ரோம்' (1993) படத்தைப் பல்கலைக்கழக விடுதியில் பார்த்திருந்தேன். ராஜஸ்தான் பாலைவனத்தில் தொடங்கி, எகிப்து, துருக்கி, ருமேனியா வழியாக ஸ்பெயினில் வந்து முடியும் இசைப் பயணம். படம் முடிந்ததும் மனதில் ஒரு நேர்க்கோடு விழுந்துவிடும். ஒரு முனையில் ராஜஸ்தான், மறுமுனையில் ஃபிளமெங்கோ.

வாசலில் கித்தார்க்காரர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எதிர்க் குன்றில் அல்ஹம்ப்ரா கோட்டை விளக்கொளியில் செம்மண் நிறத்தில் நின்றது. நடுவே பள்ளத்தாக்கில் தாரோ ஆறு. எங்கிருந்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மலேசியா என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"மலேசியா. ஆனா... இந்தியா?"

"ஆமாம், எங்க முன்னோர்கள் இந்தியாவிலேர்ந்து வந்தவங்க. உங்க முன்னோர்களும் அங்கேயிருந்துதானே? இந்த ஆட்டமும் அங்கேயிருந்து வந்ததுதானே?"

அவர் புகையோடு சேர்த்துச் சிரித்தார். "இந்திய முகத்தோட இங்க வர்ற எல்லாரும் இதைச் சொல்றாங்க. வாரத்துக்கு ரெண்டு பேராவது." பிறகு சிகரெட் நுனியால் மேலே இருட்டைக் காட்டினார். "என் தாத்தா அங்க ஒரு குகையில இருந்தார். 63-ல பெரிய மழை. குகையெல்லாம் இடிஞ்சுது. எங்க ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வெச்சாங்க. நான் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், அடுக்குமாடி வீட்டுல. தினமும் மோட்டார்ல இங்க வந்து வாசிச்சிட்டுத் திரும்பிப் போறேன். நான் எங்கேயிருந்து வந்தேன்னு கேட்டா, அங்கேயிருந்து."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மலேசியா என்று சொன்ன பிறகும் 'ஆனா இந்தியா?' என்று அவர் கேட்டபோது உள்ளுக்குள் லேசாக எரிச்சல் வந்தது. என் பாட்டியே பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்ட லயத்தில் பிறந்தவர். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் அதே கேள்வியை நான் அவரிடம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு சில மாதங்கள் இதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

*

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதில் சந்தேகம் இல்லை. ஐரோப்பாவெங்கும் ரோமா என்றும், ஸ்பெயினில் ஹிதானோ என்றும் அழைக்கப்படும் இவர்களின் மொழியே அதற்குச் சாட்சி. ரோமானி மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது யேக், துய், த்ரின். தண்ணீர் என்பது பானி. இந்தி கொஞ்சம் தெரிந்தவர்கூடப் புன்னகைப்பார். ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் எஃப்தா, ஓக்தோ, என்யா. இவை கிரேக்கச் சொற்கள். பாதையைக் குறிக்கும் 'த்ரோம்' கிரேக்கம். குதிரையைக் குறிக்கும் 'க்ராஸ்த்' ஆர்மீனியம். எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கே ஒரு சொல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வும் இந்தியாவின் வடமேற்குப் பகுதியையும், ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் என்ற காலத்தையும் சுட்டியது.

இந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்ட விதத்தில் நமக்கு ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1776-இல் வியன்னா இதழ் ஒன்றில் ஒரு கதை வந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த இஷ்த்வான் வாய் என்பவர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மலபார் மாணவர்கள் மூவரைச் சந்தித்தாராம். அவர்கள் மொழியில் ஆயிரம் சொற்களைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினாராம். அதைத் தன் ஊர் ரோமாக்களிடம் வாசித்துக் காட்டியபோது அவர்களுக்குப் பொருள் புரிந்ததாம். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழையும் மலையாளத்தையும்தான் மலபார் மொழி என்றார்கள். ரோமானியோ வட இந்திய மொழிக் குடும்பம். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரிந்திருக்கும்? கதை நம்பத்தக்கதல்ல. ஆனால் அது சுட்டிய திசை சரி. 1782-இல் ரூடிகர், 1783-இல் கிரெல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் மொழியை வைத்தே இந்தியத் தோற்றத்தை நிறுவினார்கள்.

1783 என்ற ஆண்டை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அதே ஆண்டில்தான் ஸ்பானிய அரசர் மூன்றாம் கார்லோஸ் ஒரு சட்டம் போட்டார். ஹிதானோக்கள் என்பவர்கள் பிறப்பாலோ இயல்பாலோ தனி இனம் அல்ல என்றது அது. அவர்கள் தம் மொழியைப் பேசக்கூடாது, தம் உடையை அணியக்கூடாது, நாடோடியாகத் திரியக்கூடாது. ஹிதானோ என்ற பெயரையே யாரும் சொல்லக்கூடாது. ஜெர்மனியில் ஒருவர் 'உங்கள் பூர்வீகம் இந்தியா' என்கிறார். ஸ்பெயினில் ஒருவர் 'உங்களுக்குப் பூர்வீகமே இல்லை' என்கிறார். இரண்டுமே அவர்களைக் கேட்காமல் எழுதப்பட்டவை.

அதற்கு முன்னும் அப்படித்தான். அவர்களின் பெயரே ஒரு தவறான பூர்வீகம். 1425-இல் அரகோன் அரசர் ஐந்தாம் அல்போன்சோ, 'சின்ன எகிப்தின் ஹுவான்' என்பவருக்கு வழிப்பயணச் சீட்டு ஒன்று கொடுத்தார். ஸ்பானிய மண்ணில் ரோமாக்களைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அது. எகிப்தியர் என்று எண்ணியதால் வந்ததே ஹிதானோ என்ற சொல்.

1499-இல் இன்னொரு ஆணை. அறுபது நாளுக்குள் ஒரு தொழிலில், ஓர் எஜமானிடம் நிலைபெற வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். முதல் முறை பிடிபட்டால் நூறு கசையடி, இரண்டாம் முறை காதை அறுத்தல், மூன்றாம் முறை அடிமைத்தனம். சட்டத்துக்குப் பயந்து பலர் நிலைபெற்றார்கள். கொல்லர்களாக, கூடை முடைகிறவர்களாக, கால்நடை வியாபாரிகளாக. அவர்கள் குடியிருக்கும் ஊர்கள் பதிவாயின. பதிவானதே வினையாயிற்று. 1749 ஜூலை 30 இரவு, என்செனாதா பிரபுவின் திட்டப்படி, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கைது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்களும் ஏழு வயதைத் தாண்டிய பையன்களும் கப்பல் கட்டும் தளங்களுக்கு, கட்டாய உழைப்புக்கு. பெண்களும் சிறு பிள்ளைகளும் வேறு காப்பகங்களுக்கு. கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்தால் இனமே அற்றுப்போகும் என்பது கணக்கு. எளிதில் அகப்பட்டவர்கள் யார்? சொன்னபடி கேட்டு ஓர் இடத்தில் குடியேறியவர்கள்தான். சில மாதங்களில் பலர் விடுவிக்கப்பட்டாலும், கடைசியாக மிஞ்சியவர்கள் வெளியே வர 1765 ஆயிற்று.

இந்தத் தடைகளுக்குப் பிறகு ரோமானியின் இலக்கணம் ஸ்பெயினில் பிழைக்கவில்லை. ஸ்பானிய வாக்கியத்துக்குள் சில நூறு ரோமானிச் சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. அதற்குக் காலோ என்று பெயர். கறுப்பு என்று பொருள்.

*

சரி, மக்கள் போனார்கள். ஆட்டம்?

இங்கேதான் என் நேர்க்கோடு உடைந்தது. ஒரே வழியாகப் போன ஒரே மக்கள் ஐரோப்பாவெங்கும் இருக்கிறார்கள். ஹங்கேரியில் அவர்கள் வயலின் வாசித்தார்கள். ருமேனியாவில் திருமண இசைக்குழுக்களாக ஆனார்கள். பிரான்ஸ் பக்கத்திலிருந்து ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் ஜாஸ் கித்தாரில் ஒரு புதிய பாணியையே உருவாக்கினார். எங்கேயும் ஃபிளமெங்கோ இல்லை. அது அந்தலூசியாவில் மட்டும் இருக்கிறது. உள்ளீடு ஒன்றாக இருந்து வெளியீடு வேறாக இருந்தால், காரணத்தை உள்ளீட்டில் தேடக்கூடாது. இது எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தரும் பாடம்.

அடுத்தது, கதக். கால் தாளத்தில் இருக்கும் ஒற்றுமை கண்ணை ஏமாற்றுகிறது. கதக் காலில் சலங்கை கட்டி, வெறுங்காலால் ஆடுவது. இன்று நாம் காணும் அதன் மேடை வடிவம் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு அரசவைகளில் உருவானது. ஃபிளமெங்கோவின் காலடி ஆணி அடித்த காலணியும் மரத்தளமும் இல்லாமல் நடக்காது. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரமேடை போட்ட பாட்டுக் காப்பிக்கடைகளில் வளர்ந்தது. பெண்கள் அவ்வளவு வேகமாகக் காலடித்து ஆடுவதைப் பரவலாக்கியவர் 20ஆம் நூற்றாண்டில் பார்சலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்த கார்மென் அமாயா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டவர்கள், இருநூறு ஆண்டுகளுக்கு முன் உருவானதை எப்படி மூட்டையில் கட்டிக்கொண்டு போயிருக்க முடியும்?

அப்படியென்றால் அந்தலூசியாவில் என்ன இருந்தது? நாங்கள் பார்த்த ஆட்டத்துக்கு சாக்ரமோந்தேயில் சாம்ப்ரா என்று பெயர். அது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கிரனாடாவில் கட்டாய மதமாற்றத்துக்குப் பிறகு கிறிஸ்தவர்களாக வாழ்ந்த முன்னாள் முஸ்லிம்களான மொரிஸ்கோக்களின் கூத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் அதுதான் பெயர். 1567-இல் இரண்டாம் ஃபிலிப் அரசரின் ஆணை அரபு மொழியையும், அவர்களின் உடையையும், குளியல் கூடங்களையும், சாம்ப்ராவையும் சேர்த்துத் தடைசெய்தது. பிரான்சிஸ்கோ நூஞெஸ் மூலே என்ற மொரிஸ்கோ முதியவர் அதை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். சாம்ப்ரா மதச்சடங்கு அல்ல, ஊர் வழக்கம், முதல் பேராயர் தலாவெராவே தேவநற்கருணை ஊர்வலத்தில் அதை வாசிக்க அனுமதித்தார் என்றெல்லாம் வாதாடினார். பலிக்கவில்லை. 1568-இல் கலகம். 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் குன்றில் தங்கிவிட்டது. பின்னாளில் ஹிதானோக்கள் தங்கள் கல்யாண ஆட்டத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

இதோடு அந்தலூசிய நாட்டார் பாடல்கள், ஃபந்தாங்கோக்கள், பழைய கதைப்பாடல்கள். காதிஸ் துறைமுகம் வழியாக வந்துபோன கியூபத் தாளங்கள். செவில்லாவிலும் காதிஸிலும் வாழ்ந்த கறுப்பின அடிமைகளின் ஆட்டங்கள். ஃபிளமெங்கோ என்ற சொல் இந்த இசையைக் குறித்து அச்சில் வருவதே 1840களில்தான். அதன் முதல் பெரும் பாடகர்களில் ஒருவரான சில்வேரியோ ஃபிராங்கோநெத்தி (1831–1889) ஹிதானோகூட இல்லை, அப்பா இத்தாலியர். ஆனால் அவர் கற்றுக்கொண்டது எல் ஃபில்லோ என்ற ஹிதானோ பாடகரிடம். இந்தக் கலவையில் ஹிதானோக்களின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் கித்தார்கூட இல்லாமல் பாடும் மார்த்தினேத்தே கொல்லுப்பட்டறையின் பாட்டு. கார்செலெரா சிறைச்சாலைப் பாட்டு. ஒன்று அவர்களின் தொழில், இன்னொன்று அவர்களுக்குக் கிடைத்த தண்டனை. இரண்டுமே இங்கே, இந்த மண்ணில் நடந்தவை.

அப்படியானால் 'இந்தியா' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு பெரிய காரணம் கிரனாடாதான். 1922 பிப்ரவரியில், இந்த ஊர்க் கலை மன்றத்தில், 23 வயது ஃபெடரிகோ கார்சியா லோர்கா ஓர் உரை நிகழ்த்தினார். காப்பிக்கடைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் கெட்டுப்போன ஃபிளமெங்கோ வேறு, ஆழத்திலிருந்து வரும் 'காந்தே ஹோந்தோ' வேறு என்றார். அந்த ஆழப்பாடல் கீழைத்தேயத்திலிருந்து, இந்தியாவின் ஆதி இசையிலிருந்து வந்தது என்றார். இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் அதே ஆண்டு எழுதிய சிறு நூலில் பைசாந்தியத் தேவாலய இசை, அரபு ஆட்சி, ஹிதானோக்களின் வருகை என்று மூன்று வேர்களைச் சொல்லி, இந்தியப் பாடல்முறையோடு ஒப்பிட்டார். அவர்களின் நோக்கம் உயர்ந்தது. ஊரே கேவலமாகப் பார்த்த ஒரு பாட்டுக்கு மரியாதை வாங்கித்தர வேண்டும். அதற்கு ஒரு தொன்மை தேவைப்பட்டது. இந்தியா அந்தத் தொன்மையாக உதவியது.

தொன்மையைத் தேடியவர்கள் அவர்கள் மட்டுமல்ல. 1971-இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, நீலமும் பச்சையுமான தங்கள் கொடியின் நடுவே பதினாறு ஆரங்கள் கொண்ட சக்கரத்தை வைத்தது. அது அவர்களே தேர்ந்துகொண்ட இந்தியா. சாப்பிட வந்த இடத்தில் நான் அவர் தலையில் கட்டப் பார்த்ததும் அதுவும் ஒன்றல்ல.

*

லோர்காவின் உரையில் இன்னொன்றும் உண்டு. விற்பனைதான் பாட்டைக் கெடுத்தது என்ற எண்ணம். எனக்கும் அது இருந்தது. உண்மையைச் சொன்னால், முன்னூறு வெள்ளி கட்டி, ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பது அசல் ஃபிளமெங்கோவாக இருக்காது என்ற சங்கடம் அன்று மாலை முழுவதும் இருந்தது.

ஆனால் வரலாறு அந்தப் பக்கமும் நிற்கவில்லை. சாக்ரமோந்தேக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிலை இருக்கிறது. சொர்ரோஹூமோ என்று அழைக்கப்பட்ட மரியானோ ஃபெர்னாந்தெஸ் (1824–1906). கொல்லர். ஓவியர் ஃபோர்த்துனி அவரை மாதிரியாக வைத்து வரைந்தார். அதன்பின் பட்டறையை விட்டுவிட்டு, கூம்புத் தொப்பியும் அலங்காரச் சட்டையுமாக, 'ஹிதானோக்களின் அரசன்' என்று அல்ஹம்ப்ராவைச் சுற்றி வந்து, பயணிகளுக்குத் தன் புகைப்படத்தை விற்றுப் பிழைத்தார். குகைகளில் வெளியாருக்காக சாம்ப்ரா நடத்துவதைத் தொடங்கிவைத்த எல் குஹோனும் ஒரு கொல்லர்தான். அதுவும் 19ஆம் நூற்றாண்டு. ஃபிளமெங்கோவுக்கு அந்தப் பெயர் வந்த காலத்திலேயே அதற்குக் காசும் வந்துவிட்டது. காசு வாங்காத தூய காலம் ஒன்றைத் தேடிப் போனால், ஃபிளமெங்கோவே இல்லாத காலத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

1922 ஜூன் 13, 14 இரவுகளில் அல்ஹம்ப்ராவுக்குள் லோர்காவும் ஃபாயாவும் நடத்திய போட்டியில், 21 வயதைக் கடந்த தொழில்முறைப் பாடகர்கள் கலந்துகொள்ளத் தடை. பரிசு பெற்றவர்களில் ஒருவர் எல் தெனாசாஸ் என்ற முதியவர். நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்வார்கள். இன்னொருவர் மனோலோ கராகோல், 12 வயதுப் பையன். தூய கலையின் வாரிசு என்று கொண்டாடப்பட்ட அந்தப் பையன் வளர்ந்து என்ன செய்தார்? லோலா ஃபுளோரெஸுடன் சேர்ந்து நாடு முழுவதும் ஜனரஞ்சக மேடைக் காட்சிகள் நடத்தினார். 1963-இல் மத்ரித்தில் சொந்தமாக ஒரு தப்லாவ், அதாவது சாப்பாட்டோடு ஃபிளமெங்கோ காட்டும் விடுதி, திறந்தார். அவர் பாட்டு அதனால் கெட்டதா? பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். கெடவில்லை.

எனக்கு அந்த 1963-தான் உறுத்தியது. கித்தார்க்காரர் சொன்ன மழையும் அதே ஆண்டு. பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி சுற்றுலாப் பயணிகளைக் கூவி அழைத்துக்கொண்டிருந்த காலம். 'ஸ்பெயின் வித்தியாசமானது' என்று சுவரொட்டி, அதற்கு முகமாக ஃபிளமெங்கோ ஆடும் பெண். அதே ஆட்சியின் சிவில் காவல்படை விதிகள் 1943 முதல் ஹிதானோக்களைத் தனியாகக் கண்காணிக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர்கள் பத்திரங்களைச் சரிபார், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரி, எங்கே போகிறார்கள் என்று கவனி. அந்த விதிகள் நீங்கியது 1978-இல்தான். அதற்காக நாடாளுமன்றத்தில் பேசியவர் முதல் ஹிதானோ உறுப்பினரான ஹுவான் தெ தியோஸ் ராமிரெஸ் எரேதியா. சாக்ரமோந்தேயில் குகைகள் இடிந்தபோது ஆயிரக்கணக்கானோர் குன்றிலிருந்து இறக்கப்பட்டு நகரத்தின் ஓரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. ஆட்டம் மட்டும் திரும்பி வந்தது. 2010 நவம்பர் 16-இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. குகையில் அதற்குச் சான்றிதழ் எதுவும் மாட்டியிருக்கவில்லை. தாத்தா, பாட்டிகளின் படங்கள்தான் இருந்தன.

விற்றது தவறல்ல. ஆட்டத்தை வாங்கிக்கொண்டு ஆட்களை வேண்டாம் என்றதுதான் நடந்தது.

*

இடைவேளைக்குப் பிறகு சாம்ப்ராவின் கல்யாணப் பகுதி. அல்போரெயா என்ற பாட்டு. மணப்பெண்ணைப் போற்றுவது. அதைக் கல்யாண வீட்டுக்கு வெளியே பாடினால் ஆகாது என்று பல ஹிதானோக் குடும்பங்கள் நினைப்பதுண்டு. அந்த வயதான அம்மா இப்போது எழுந்து நின்று பாடினார். பாதிப் பாட்டில் பார்வையாளர்களில் ஒரு பெண்ணை இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். அந்த அம்மாவின் குரல் உடைந்து, மேலே போய், ஒரு சொல்லில் நின்று சுழன்றபோது மட்டும் பாதிக் கைப்பேசிகள் தானாகத் தாழ்ந்தன.

முடிந்ததும் கித்தார்க்காரரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக அல்போரெயா பற்றிக் கேட்டேன்.

"கல்யாணத்துல மட்டும்தான் பாடணும்னு சொல்வாங்களே?"

"இங்க தினமும் ராத்திரி ஒரு கல்யாணம்," என்றார்.

"அப்போ உங்க வீட்டுக் கல்யாணத்துல எதைப் பாடுவீங்க?"

"இதேதான். அங்க காசு வாங்க மாட்டோம்."

கித்தாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "பானி. உங்க மொழியில இருக்கா? இந்தியாக்காரங்க எல்லாரும் இருக்குன்னு சொல்வாங்க."

"இல்ல. எங்க மொழி வேற. நாங்க தண்ணின்னு சொல்வோம்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். யோசித்துவிட்டு இன்னொரு சொல்லைச் சொன்னார். "துக்கேலா?" நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பாட்டுகளில் வரும் காலோச் சொல். வலி, வேதனை.

"துக்கம்," என்றேன்.

"துக்கம்," என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பெட்டியை மூடினார்.

அது சமஸ்கிருதத்திலிருந்து தமிழ் வாங்கிக்கொண்ட சொல் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் அதை இந்தியாவிலிருந்து சுமந்துகொண்டு போனார்கள். நாங்கள் பக்கத்து வீட்டில் வாங்கினோம். வாங்கியதா, கொண்டுவந்ததா என்று இழவு வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வெளியே குளிர். ஆற்றோரப் பாதையில் இறங்கி நடந்தோம். நண்பன் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு கேட்டான்.

"சொன்னியாடா, நம்ம ஊரு ஆட்டம்னு?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரு பொறந்த அடுக்குமாடி எந்தப் பக்கம்னு காட்டினாரு."